சலமாங்கா வழியாகப் போகாதே

அன்புள்ள ஐயா,

மெக்சிகோவின் ராஞ்செரா பாடல்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். அதை நம்பி ஒரு மாதமாகக் கேட்டேன். மெட்டுகள் பிடித்திருந்தன. மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்ததும் ஏமாந்துபோனேன். ஒரு ஆண், கையில் டெக்கீலா, விட்டுப்போன பெண், அப்புறம் புலம்பல். பாடலாசிரியர் ஹோசே அல்ஃபிரெடோ ஹிமெனெஸின் புகழ்பெற்ற பாட்டு ஒன்று 'வாழ்க்கைக்கு மதிப்பே இல்லை' என்றே தொடங்குகிறது. இந்தக் குடிகார ஒப்பாரியை ஒரு நாடே ஏன் கொண்டாடுகிறது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'குவானஹுவாத்தோவின் வழிகள்' என்று அதன் பெயர். குவானஹுவாத்தோ மெக்சிகோவின் ஒரு மாநிலம். நீங்கள் முதல் வரியிலேயே நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதைத் தாண்டினால் பாட்டு ஊர் ஊராக நடக்கத் தொடங்கும். முதலில் லெயோன் நகரம், அதன் திருவிழா, அங்கே நடக்கும் சூதாட்டம். பிறகு குபிலெத்தே மலைமேல் நிற்கும் கிறிஸ்து. அப்புறம் சாந்தா ரோசா மலைப்பாதை. குன்றைத் தாண்டினால் டொலோரஸ் இடால்கோ தெரிந்துவிடும். ஹோசே அல்ஃபிரெடோ 1926இல் பிறந்த ஊர் அது. இதற்கெல்லாம் நடுவே, போகும் வழியிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்கிறார்: சலமாங்கா வழியாக மட்டும் போகாதே, அங்கே நினைவு என்னைக் குத்துகிறது.

சலமாங்காவில்தான் அவருடைய சகோதரர் இறந்தார்.

இது தெரிந்த பிறகு முதல் வரியை மறுபடி படியுங்கள். சாவு விழுந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து, 'என்னப்பா வாழ்க்கை இது' என்று ஒருவர் சொன்னால் நாம் அவரோடு வாதம் செய்வதில்லை. பக்கத்தில் போய் உட்காருவோம். அந்த வரியும் அப்படிச் சொன்னதுதான். நீங்கள் ஒப்பாரி என்று எழுதியதை நான் மறுக்கவில்லை, சரியான சொல்தான். ஒப்பாரியைக் குறைவான ஒன்றாக நினைத்து எழுதியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஹோசே அல்ஃபிரெடோவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, இசை இலக்கணமும் தெரியாது. மெக்சிகோ நகரத்தில் ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக இருந்தார், கால்பந்தில் கோல்கீப்பராக ஆடினார். மனதில் வந்த மெட்டை அவர் விசிலடித்துக் காட்ட, ரூபென் ஃபுவெந்தெஸ் போன்ற இசைக்கலைஞர்கள் அதற்கு வயலினும் ட்ரம்பெட்டும் சேர்த்து, மரியாச்சி என்னும் மெக்சிகோ வாத்தியக் குழுவுக்கு அமைத்துக் கொடுத்தார்கள். அந்த மெட்டுகளை யாரும் பாடிவிட முடிவது அதனால்தான் என்பது என் எண்ணம். சொற்களும் பேசுகிற பேச்சுத்தான். தாளில் படித்தால் சாதாரணமாகத் தெரியும், ஏனென்றால் அவை தாளுக்காக எழுதப்பட்டவை அல்ல. மெக்சிகோ நகரத்தின் கரிபால்டி சதுக்கத்தில் மரியாச்சிக் குழுவுக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஒருவர் கேட்பார். பாதியில் அவரே பாட ஆரம்பித்துவிடுவார். சுற்றி நிற்பவர்கள் நடுநடுவே 'ஆய் ஆய் ஆய்' என்று நீட்டிக் குரல் எழுப்புவார்கள். அந்தக் குரலுக்கு 'கிரிட்டோ' என்று பெயர். பிறந்தநாள் காலையிலும், மே 10ஆம் தேதி அன்னையர் நாளிலும், கல்லறைத் தோட்டத்திலும் மரியாச்சி வாசிக்கிறது. 'நான் தோற்றுவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஓர் ஆண், பாட்டென்றால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறான். ராஞ்செராவின் பெரிய கொடை என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஆணின் வீறாப்பு இந்தப் பாடல்களில் நிறைய உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் நீங்கள் பாடகி சவேலா வர்காஸைக் கேட்க வேண்டும். கோஸ்டா ரிகாவில் 1919இல் பிறந்து, இளவயதிலேயே மெக்சிகோவுக்கு வந்தவர். ஆண்களின் உடை, மேலே பொஞ்சோ என்னும் போர்வை. ஆண்கள் பெண்களை நோக்கிப் பாடிய பாடல்களை ஒரு சொல்லும் மாற்றாமல் பாடினார். மரியாச்சியை விலக்கிவிட்டு, கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு மெட்டை மெதுவாக்கினார். ட்ரம்பெட் போனதும் வீறாப்பும் போய்விட்டது, உள்ளே இருந்த தனிமை மட்டும் மிஞ்சியது. ஹோசே அல்ஃபிரெடோவே அவருடைய நெருங்கிய நண்பர். கரிபால்டி சதுக்கத்தின் தெனாம்பா மதுக்கடையில் ஒன்றாகக் குடித்தவர்கள்.

குடியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஹோசே அல்ஃபிரெடோ 1973இல் கல்லீரல் கெட்டு இறந்தபோது வயது 47தான். சவேலாவும் குடியால் பல ஆண்டுகள் மேடையை இழந்தார். குடியை விட்டபின் 1991இல் மெக்சிகோ நகரத்தின் கொயோவாகான் பகுதியில் ஒரு சிறிய அரங்கில் திரும்பப் பாட வந்தார். எண்பது வயதைத் தாண்டி, 2003இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடினார்.

குவானஹுவாத்தோ பாட்டின் கடைசியில், டொலோரஸ் இடால்கோ கண்ணில் பட்டதும், 'நான் இங்கேயே தங்கிவிடுகிறேன்' என்கிறார் ஹோசே அல்ஃபிரெடோ. அவரைப் புதைத்ததும் அங்கேதான். கல்லறைமேல் மிகப் பெரிய சொம்ப்ரேரோ தொப்பி. அதிலிருந்து பல வண்ணச் சில்லுகளால் ஆன ஒரு சராபே போர்வை விரிகிறது, அதில் அவருடைய பாடல்களின் பெயர்கள். நீங்கள் குறைப்பட்ட அந்த முதல் வரியும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் எழுதிய 'கடைசி மிடறு' பாட்டை சவேலா முதிய குரலில் பாடிய பதிவு கிடைக்கும். மொழிபெயர்ப்பை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.

அன்புடன்.