கிறிஸ்துமஸ் தொகுப்பு ஆல்பம்: கேளுங்க, சொல்றேன்

நாகர்கோவில் பக்கம் பாடுகிற, வாசிக்கிற நண்பர்களை ஆளுக்கொரு பாட்டு தரச் சொல்லி, வருஷாவருஷம் ஒரு கிறிஸ்துமஸ் தொகுப்பு வெளியிடுகிறேன். இதே ஆசையில் இருப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

அண்ணே, நவம்பர்ல ஆரம்பிச்சா போதுமா? (பாளையங்கோட்டை, கீபோர்டு வாசிப்பவர்)

போதாது தம்பி. நவம்பரில் கொயர் (சர்ச் பாடகர் குழு) பயிற்சி சூடுபிடித்துவிடும். டிசம்பரில் ராத்திரி ராத்திரி வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்டு போகிறவர்களுக்குத் தூக்கமும் இருக்காது, தொண்டையும் இருக்காது. ஜூலையில் ஆள் பிடியுங்கள். செப்டம்பர் கடைசிக்குள் பாட்டு கைக்கு வரட்டும். அக்டோபர் முழுக்க மிக்ஸிங் (குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்ப்பது), மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் சத்தத்தைக் கடைசியாகச் சீர்செய்வது). நவம்பர் முதல் வாரமே ஸ்ட்ரீமிங் தளத்தில் ஏற்றிவிட்டால் பண்டிகைக் கால நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். அட்வெண்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் வரும். வெளியீட்டுக்கு அதுதான் நல்ல நாள். 24ஆம் தேதி வெளியிட்டால் 26ஆம் தேதி யார் கேட்பார்கள்? கெடு விஷயத்தில் நான் கொஞ்சம் கள்ளன். நண்பர்களிடம் சொல்லும் தேதி வேறு, என் டைரியில் இருக்கும் தேதி வேறு.

பழைய பாட்டுதானே, உரிமை எல்லாம் பார்க்கணுமா? (தூத்துக்குடி)

பார்க்கணும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர், மெட்டமைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளைத் தாராளமாகப் பாடலாம். ‘சைலண்ட் நைட்’ 1818இல் ஆஸ்திரியாவில் பிறந்தது; மெட்டமைத்த குரூபர் 1863இல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அதைத் தமிழில் பாடினால், அந்தத் தமிழ் வரிகளை எழுதியவர் யார், எப்போது இறந்தார் என்று தனியாகப் பார்க்க வேண்டும். ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பழசு மாதிரி ஒலிக்கும். எழுதிய இர்விங் பெர்லின் 1989இல்தான் இறந்தார். 2049 முடியும்வரை அதில் கை வைக்காதீர்கள்.

சட்டத்தின் 31சி பிரிவில் கவர் பாட்டுக்கு (ஏற்கெனவே வந்த பாட்டை நாம் மறுபடி பாடிப் பதிவு செய்வது) ஒரு வழி இருக்கிறது. முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், பொதுவாக 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது வழியே இல்லை. சொந்தப் பாட்டு எழுதச் சொல்லுங்கள். என் தொகுப்புகளில் நன்றாக அமைந்தவை எல்லாம் அப்படி வந்தவைதான். யூடியூபில் கிடைக்கும், குரல் இல்லாமல் இசை மட்டும் இருக்கும் கரோக்கி டிராக்கில் பாடி அனுப்புவார்கள். பாட்டு எவ்வளவு பழசானாலும் அந்த டிராக் வேறொருவர் சொத்து. திருப்பி அனுப்புங்கள்.

ஒவ்வொருத்தர் பாட்டும் ஒவ்வொரு சத்தத்துல இருக்கு. சரிபண்ணுவது எப்படி? (கோவை, சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவர்)

பாதி வேலை பதிவுக்கு முன்பே முடிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே குறிப்பு அனுப்புங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு; மாஸ்டரில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சத்தை அமுக்கும் கருவி) போடாமல், உச்சம் மைனஸ் 6 டெசிபல் தாண்டாமல். வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜாக வரும் பாட்டை வாங்கவே வாங்காதீர்கள், கூகுள் டிரைவில் போடச் சொல்லுங்கள்.

மாஸ்டரிங் முழுவதும் ஒரே ஆள், ஒரே அறை, ஒரே ஸ்பீக்கர். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன்செய்கிறது என்பதற்காக ஒவ்வொரு பாட்டையும் அந்த எண்ணில் கொண்டு நிறுத்துபவர்கள் உண்டு. அது தப்பு. ஒற்றைக் கிட்டாரில் பாடும் தாலாட்டு, டிரம்ஸ் அடிக்கும் பாட்டுக்குச் சமமாகக் கத்தினால் கேட்க எரிச்சலாக இருக்கும். ஆல்பமாக வரிசையில் கேட்கும்போது பாட்டுகளுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கத்தை ஸ்பாட்டிஃபையே அப்படியே விட்டுவிடும். நான் மீட்டரை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் அடுத்தடுத்த பாட்டுகளில் பாடுபவரின் குரல் ஒரே தூரத்திலிருந்து வருகிறதா என்று காதால் கேட்பேன்.

என்கிட்ட ஃபோன் மட்டும்தான் இருக்கு. அதுல பாடினா எடுத்துப்பீங்களா? (மார்த்தாண்டம், கல்லூரி மாணவி)

தாராளமாகம்மா. ஃபேனை நிறுத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பாடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபோனை வையுங்கள்.

நெருங்கிய நண்பர் பாட்டு சுமாரா வந்திருக்கு. எப்படிச் சொல்றது? (மதுரை)

செப்டம்பரில் கெடு வைத்ததே இதற்குத்தான். சுருதி விலகியிருந்தால் தனியாகக் கூப்பிட்டு, எந்த வரி என்று காட்டி, மறுபடி பாட வையுங்கள். “நல்லா இல்ல” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதுதான் மனசை உடைக்கும். கேட்காமல் ஆட்டோடியூன் (சுருதியைத் திருத்தும் மென்பொருள்) போடுவது அதைவிட மோசம், அவர் முதல் தடவை கேட்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். மறுபடியும் சுமாராகவே வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்; இது போட்டி இல்லை. வரிசையில் நடுவே, கலகலப்பான இரண்டு பாட்டுக்கு இடையில் உட்கார வையுங்கள்.

ஸ்ட்ரீமிங்ல போட்டாத்தான் மதிப்பா? காசு எப்படிப் பிரிக்கிறது? (சென்னை)

சுஃப்யான் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் 2001 முதல் நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் தருவதற்காகவே கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்துவந்தார். கடைக்கு வந்தது 2006இல். கொடுப்பதற்காகச் செய்தாலே போதும். காசு சொற்பம்தான் வரும், அதனால்தான் சண்டையும் வரும். மொத்தமும் ஒரே நல்ல காரியத்துக்கு என்று முதலிலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள், பாட்டு பாடியவருக்கே சொந்தம் என்பதையும் சேர்த்து. விற்க நினைத்தால், பாடகர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பாட்டை ஸ்ட்ரீமிங்கில் சேர்க்கும் விநியோகத் தளங்களில், கட்டணத்தை நிறுத்தினால் பாட்டும் இறங்கிவிடுமா என்று சேரும்போதே பாருங்கள்.

இதையே மார்கழிக்குச் செய்யலாமா? (கும்பகோணம்)

செய்யலாம். சபாக் கச்சேரி உள்ளவர்கள் டிசம்பரில் கைக்குக் கிடைக்க மாட்டார்கள், ஆகஸ்டிலேயே பதிவை முடித்துவிடுங்கள்.

அப்பா, சித்தப்பா எல்லாம் கார்ல பென்டிரைவ்லதான் கேட்பாங்க. (நாகர்கோவில்)

320 கேபிபிஎஸ் எம்பி3யாக மாற்றி, கோப்புப் பெயர்களை 01, 02 என்று தொடங்குங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையில்தான் பாடும். பென்டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்துகொடுங்கள், பழைய வண்டியிலும் ஓடும்.