நான்கு அறை, ஒரே கன்ட்ரோலர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான்கு அறைகளுக்கும் சேர்த்து, வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரையும் ஃபேனையும் ஓட்டும் ஒரே கன்ட்ரோலர். ஒவ்வோர் அறையிலும் ஒரு சென்சார், 2,000 வாட் ஹீட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன். 22 டிகிரி செட் செய்திருக்கிறோம். ஹீட்டர் நின்றதும் ஃபேன் ஓடுகிறது, ஃபேன் நின்றதும் மறுபடி ஹீட்டர். உள்ளே இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஓயாமல் 'டிக் டிக்' என்கிறது. கன்ட்ரோலர் பழுதா?

பதில்: பழுதில்லை. ஹீட்டருக்கும் ஃபேனுக்கும் ஒரே 22-ஐக் கொடுத்ததுதான் கோளாறு. இரண்டுமே ஓடாத இடைவெளி ஒன்று நடுவில் வேண்டும். ஹீட்டர் 20-ல் ஓடி 21-ல் நிற்கட்டும். ஃபேன் 24-ல் ஓடி 23-ல் நிற்கட்டும். 21-லிருந்து 23 வரை இரண்டும் சும்மா இருக்கும். எண்ணெய் ஹீட்டர் என்றால் இடைவெளியை இன்னும் ஒரு டிகிரி கூட்டுங்கள். கரன்ட் நின்ற பிறகும் அதன் உடம்பிலுள்ள சூடு அறைக்குள் வந்துகொண்டே இருக்கும். இடைவெளி குறுகலாக இருந்தால், காசு கொடுத்து உண்டாக்கிய அந்தச் சூட்டை ஃபேன் வெளியே தள்ளிவிடும். ஒருமுறை நின்றால் குறைந்தது 3 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓட வேண்டும் என்றும் செட் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 230 வோல்ட்டில் 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரிலே 10 ஆம்பியர்தான் என்றால், மணிக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கி அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அப்போது திரையில் 'ஆஃப்' என்று இருக்கும். ஹீட்டரோ எரிந்துகொண்டே இருக்கும். ரிலே ஒரு கான்டாக்டரின் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) காயிலை, அதாவது அதை இயக்கும் கம்பிச்சுருளை, மட்டும் இயக்கட்டும். ஹீட்டரின் சுமையை 20 ஆம்பியர் கான்டாக்டர் சுமக்கட்டும். ஒவ்வொரு ஹீட்டர் லைனிலும், கன்ட்ரோலரோடு சம்பந்தமே இல்லாத, கையால் ரீசெட் செய்யும் தெர்மல் கட்-அவுட் (சூடு மிஞ்சினால் தானே லைனைத் துண்டிக்கும் சாதனம்) ஒன்று இருந்தே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கு ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் 35 ஆம்பியர் வரும். மெயின் தாங்காது என்றால், ஒரே நேரத்தில் இரண்டுதான் ஓடலாம் என்று கன்ட்ரோலரில் கட்டுப்படுத்துங்கள். மெயின் வேலை முழுவதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலைச் சென்சார் திடீரென்று 85 காட்டுகிறது, சில நேரம் மைனஸ் 127. மாற்றிப் பார்த்தும் அப்படியே.

பதில்: இரண்டும் வெப்பநிலையே அல்ல. கரன்ட் வந்தவுடன் அந்தச் சிப்பின் நினைவில் இருக்கும் எண் 85. அளந்து முடிக்க அதற்கு முக்கால் விநாடி வரை ஆகும். அதற்குள் படித்தாலோ, நடுவில் வோல்டேஜ் விழுந்தாலோ 85 வரும். மைனஸ் 127 என்பது, சென்சாரிடமிருந்து பதிலே இல்லை என்பதற்குப் பரவலாகப் பயன்படும் புரோகிராம் தரும் எண். கன்ட்ரோலரிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஒயர் இழுத்திருந்தால் அதை மாற்றுங்கள். ஒரே கேபிள் அறை அறையாகப் போய்க் கடைசிச் சென்சாரில் முடியட்டும். பிளஸ், மைனஸ், டேட்டா என மூன்று ஒயரும் கொடுங்கள். டேட்டாவுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். மெயின் ஒயர் போகும் பைப்பில் இந்தக் கேபிளைச் சேர்க்க வேண்டாம்.

இந்த இரண்டு எண்ணில் எது வந்தாலும் ஹீட்டர் நின்று அலாரம் அடிக்க வேண்டும். மைனஸ் 127-ஐ நிஜக் குளிர் என்று நம்பும் கன்ட்ரோலர் ஹீட்டரை நிறுத்தவே நிறுத்தாது.

சென்சாரை உட்சுவரில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், வெயிலும் ஹீட்டர் காற்றும் படாமல் வையுங்கள். கேபிள் வரும் துளையைப் புட்டி வைத்து அடையுங்கள். சுவருக்குள்ளிருந்து அதன் வழியே வரும் குளிர்காற்று சென்சாரின் முதுகில் பட்டால், அறை சூடாக இருந்தாலும் குறைத்துத்தான் காட்டும்.

கேள்வி: குளிர்காலத்தில் அறை கதகதப்பாக இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டுகிறது. ஃபேன் ஓடுவதே இல்லை.

பதில்: 24 டிகிரியைத் தொடாதவரை ஃபேன் ஓடாது. காற்று கெட்டுப்போனது வெப்பநிலைச் சென்சாருக்குத் தெரியாது. மணிக்கு 10 நிமிடம் குறைந்த வேகத்தில் ஓட டைமர் வையுங்கள். அல்லது கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) தாண்டினால் ஓடும்படி தனிச் சென்சார் வையுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும். கதவுக்கு அடியில் 2 சென்டிமீட்டர் சந்தாவது விடுங்கள். அறையில் புகைக்குழாய் வைத்த கேஸ் ஹீட்டரோ விறகு அடுப்போ இருந்தால், புதுக்காற்றுக்கு வெளியிலிருந்து நேரடி வழி வைக்கும்வரை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது. புகைக்குழாயில் மேலே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடை அது அறைக்குள் இழுத்துவிடும். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இன்றே மாட்டுங்கள்.