வாசகர் கேள்வி–பதில்: அமிலக் கழிவுநீரும் கண்டல் சேறும்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் பழைய வாகன பற்றரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. மழை நாட்களில் அங்கிருந்து வழியும் அமில நீர் வாய்க்கால் வழியாக எங்கள் கிணற்றடி வரை வருகிறது. நச்சு உலோகங்கள் கலந்த அமில நீரைப் பற்றீரியாக்களைக் கொண்டு சுத்தப்படுத்தலாம் என்று வாசித்தேன். அது உண்மையா? மாட்டெருவையும் சேற்றையும் பரலில் போட்டு நாங்களே செய்துகொள்ள முடியுமா?
– வாசகி ஒருவர், திருகோணமலை

பதில்: உண்மைதான். ஆனால் வீட்டுப் பரலில் அதைச் செய்ய முயல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கிண்ணியாப் பக்கத்திலோ தம்பலகாமம் குடாவின் ஓரத்திலோ கண்டல் மரங்களுக்கிடையே இறங்கி நடந்திருந்தால் இந்தப் பற்றீரியாக்களின் வேலையை நீங்கள் ஏற்கெனவே கண்டிருப்பீர்கள். மேலே ஒரு விரற்கடை அளவுக்கு மண்ணிறமாகத் தெரியும் சேறு அதன் கீழே மை போலக் கறுத்திருக்கும். புதைந்த காலை இழுத்ததும் கூழ்முட்டை நாற்றம் எழும். அந்தச் சேற்றை அளைந்த விரலில் வெள்ளி மோதிரம் இருந்தால் அதுவும் கறுத்துப்போகும். நாம் ஒட்சிசனைச் சுவாசிப்பது போல, காற்றுப் புகாத அந்த ஆழத்தில் வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் அளவில் கரைந்திருக்கும் சல்பேற்று என்ற கந்தகச் சேர்வையைச் சுவாசிக்கின்றன. உக்கிய இலைச்சத்தை உணவாகக்கொண்டு ஐதரசன் சல்பைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. நாற்றம் அந்த வாயுவினுடையது. கறுப்பு, அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்ததால் உண்டான இரும்புச் சல்பைட்டினுடையது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பைஜெரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர் 1895 இல் இந்தப் பற்றீரியாக்களை முதன்முதலாக விவரித்தார்.

பற்றரியில் இருப்பது கந்தக அமிலம் ஆதலால் அந்தக் கழிவுநீரில் சல்பேற்றுக்குக் குறைவில்லை. பற்றீரியாக்கள் அதை எடுத்துக்கொள்ளும்போது உண்டாகும் இருகாபனேற்று என்ற காரப்பொருள் அமிலத்தைத் தணிக்கிறது. கூடவே உண்டாகும் சல்பைட்டோ ஈயம், நாகம் (துத்தநாகம்), செம்பு, கட்மியம் ஆகிய உலோகங்களைப் பிடித்து, நீரில் அநேகமாகக் கரையாத வீழ்படிவாக்கி அடியில் தங்கவைக்கிறது. கணக்கில் பார்த்தால், 96 கிராம் சல்பேற்றிலிருந்து கிடைக்கும் 34 கிராம் ஐதரசன் சல்பைட்டு 207 கிராம் ஈயத்தைக் கட்டிவிடப் போதுமானது. நெதர்லாந்தின் பூடல் என்ற ஊரில், நூறாண்டுக் காலம் நாகம் உருக்கிய தொழிற்சாலையொன்றின் கீழே மாசடைந்துபோன நிலத்தடி நீர் 1992 முதல் இம்முறையில் சுத்திகரிக்கப்பட்டது. அதில் படிந்த நாகச் சல்பைட்டு மீண்டும் உருக்காலைக்கே மூலப்பொருளாகச் சென்றது.

ஆனால் ஈயம் ஒரு மூலகம். எந்த உயிரினத்தாலும் அதை அழிக்க இயலாது. நீரில் இருந்த நஞ்சைப் பற்றீரியா சேற்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவே. அந்தக் கறுப்புச் சேறு உலர்ந்து காற்றுப் பட்டால் சல்பைட்டு ஒட்சியேற்றமடைந்து, கட்டுண்டிருந்த உலோகம் மறுபடியும் விடுபடத் தொடங்கும். பரலில் படிந்ததை வளவின் மூலையில் கொட்டிவிட்டால் நீங்கள் செய்த வேலை முழுவதும் வீணாகும். மேலும் அமிலத்தன்மையைக் காட்டும் அளவான பீ.எச், பற்றரி அமிலத்தில் 1 க்கும் கீழே இருக்கும். இந்தப் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை 7 ஐ அண்டிய நிலையில் செழித்து, 5 க்குக் கீழே சோர்ந்துவிடுவன. ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்காகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐதரசன் சல்பைட்டு உயிரைக் குடிக்கும் வாயு. அதன் அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமற்போவதால், ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணும் கணத்திலேயே ஆள் மயங்கி விழக்கூடும்.

உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்றிலிருந்தே அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம். ஈயத்துக்கு நிறமும் மணமும் இல்லை. கொதிக்கவைத்தால் அது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஈயத்தை அளந்து தரும்படி குறிப்பிட்டுக் கேளுங்கள், ஏனெனில் வழமையான கிருமிப் பரிசோதனையில் அது தெரியவராது. பட்டறை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் எழுத்து மூலம் முறையிடுங்கள். அமிலத்தை அது உண்டாகும் இடத்திலேயே மூடிய கலத்தில் சேகரித்தாக வேண்டும். வாய்க்காலில் ஓடி மண்ணில் ஊறிய பிறகு வீட்டளவில் எந்தப் பற்றீரியாவைக் கொண்டும் உங்கள் கிணற்றைக் காப்பாற்ற இயலாது.

கேள்வி: சேருவிலப் பகுதியில் செம்புக் கனிமம் இருப்பதாக அறிகிறோம். அதைத் தோண்டினால் எங்கள் நீருக்கு என்ன ஆகும்?
– வாசகர் ஒருவர், மூதூர்

பதில்: அங்கே காந்த இரும்புக்கல்லோடு செம்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் கிடக்கிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. தோண்டிக் குவித்துக் காற்றும் மழையும் பட விட்டால் கந்தக அமிலம் ஊறும். இங்கிலாந்தின் கோர்ன்வாலில் மூடப்பட்ட வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கத்திலிருந்து 1992 சனவரியில் அத்தகைய நீர் பீறிட்டு, ஃபால் கழிமுகத்தைச் செம்மஞ்சளாக்கியது. ஆகவே கழிவுக் கல்லை எங்கே, எப்படி மூடிவைப்பார்கள் என்பதைத் தோண்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். புல்மோட்டையின் இல்மனைற்று மணலைப் பற்றி இந்த அச்சம் வேண்டாம்; அது ஒட்சைட்டுக் கனிமம், அதில் கந்தகம் இல்லை.

கேள்வி: பற்றீரியாக்களைக் கொண்டு நீரிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதைப் பாடசாலையில் செய்துகாட்ட முடியுமா?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: முடியும், ஆசிரியர் உடனிருக்க, திறந்த வெளியில். ஒரு சிறிய போத்தலில் கண்டல் சேற்றையும் கிழித்த கடதாசித் துண்டுகளையும் இட்டுக் கடல்நீரால் நிரப்பி, மூடியை இறுக்காமல் சில வாரங்கள் நிழலில் வையுங்கள். சேறு நன்றாகக் கறுத்து நாற்றம் எழுந்த பின், வேறொரு கண்ணாடிக் குவளையில் மயில்துத்தத்தை (செம்புச் சல்பேற்று) இளநீலம் தெரியுமளவுக்குக் கரைத்து, போத்தலின் மேல்நீரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நீலத்தின் நடுவே கபில நிறத்தில் புகை போல எழுந்து கறுத்து அடியில் இறங்குவது செம்புச் சல்பைட்டு. மயில்துத்தத்தை நேரே சேற்றுப் போத்தலில் போடாதீர்கள். செம்பு பற்றீரியாக்களைக் கொன்றுவிடும். தொழிற்சாலைகள் பலவற்றில் வாயு உண்டாகும் தொட்டியையும் உலோகம் படியும் தொட்டியையும் தனித்தனியே வைப்பது இதனால்தான். முடிந்த பின் குவளையில் இருப்பதைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றாமல், மூடிய போத்தலில் இட்டு ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.