இலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, “படம் அனுப்பியிருக்கிறேன், இது என்ன கீரை?” என்பதுதான். படத்தில் இலை மட்டும் தெரிகிறது. தண்டையும் சேர்த்து எடுத்து அனுப்புங்களேன்!

கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் என் தொட்டியில் வல்லாரை மண்டிக் கிடக்கிறது. துவையல் அரைக்கலாமா?

ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். வல்லாரை இலையில் ஒரு பக்கம் பிளவு இருக்கும். காம்பு அந்தப் பிளவில்தான் வந்து சேரும். உங்கள் படத்திலோ இலை முழு வட்டம், காம்பு நட்டநடுவில், குடைக்கம்பி மாதிரி. அது குளத்துக்கும் மீன் தொட்டிக்கும் அழகுக்கு வைக்கிற செடி. துவையல் வேண்டாம். பாசாரில், அதாவது சந்தையில், பெகாகா என்று கேட்டால் வல்லாரை கிடைக்கும். வேர் உள்ள கணு ஒன்றை ஈர மண்ணில் பதித்து, அரை நிழலில் வையுங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும்.

கங்கோங்கையும் கெலெடெக் இலையையும் எப்படிப் பிரித்தறிவது?

குழம்புவதில் தப்பில்லை. இரண்டும் ஒரே குடும்பம், பூகூடப் புனல் வடிவம்தான். தண்டை ஒடியுங்கள்: உள்ளே குழலாக இருந்தால் கங்கோங், நம் வள்ளைக்கீரை. கெட்டியாக இருந்தால் சர்க்கரைவள்ளிக் கொடி. கங்கோங்கிலும் இரண்டு உண்டு. வேரோடு கட்டி விற்கிற ஒல்லி இலைக்காரன் விதையில் வருவது, மூன்று நான்கு வாரத்தில் பறித்துவிடலாம். அகன்ற இலைக்காரன் நீர்க் கங்கோங். தண்டை வெட்டிச் சேற்றில் செருகினால் போதும். லோங்காங் (சாக்கடை) ஓரம் தானாக வளர்ந்ததை மட்டும் பறிக்காதீர்கள். சாக்கடைத் தண்ணீரில் இருக்கிற உலோகத்தையும் அது உறிஞ்சி வைத்திருக்கும்.

சேக்கூர் மானிஸ் முருங்கைக்கீரைதானே? பச்சையாக ஜூஸ் குடித்தால் உடம்பு இளைக்குமாமே?

முருங்கை இல்லை, இது வேறொரு கீரை. முருங்கையில் காம்பு கிளைகிளையாகப் பிரிந்து குட்டி இலைகள் வரும். சேக்கூர் மானிஸில் ஒரே குச்சியின் இரு பக்கமும் இலை மாறி மாறி நிற்கும். இலைக்கு அடியில் வெள்ளைக் காய், சிவப்புத் தொப்பியோடு தொங்கும். ஒரு சாண் குச்சியை நட்டாலே துளிர்க்கும்.

ஜூஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். 1990களில் தைவானில் இளைப்பதற்காக இதைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு, சிலருக்கு மாற்று நுரையீரல் வைக்கும் அளவுக்குப் போனது. நம் ஊரில் செய்கிற மாதிரி இலையைக் கசக்கிக் கழுவி, முட்டை உடைத்து ஊற்றி நன்றாக வேகவைத்து, எப்போதாவது சாப்பிடுங்கள்.

இந்தச் சீனக் கீரை சாய் சிம்மா, கைலானா?

பூ மஞ்சள் என்றால் சாய் சிம், வெள்ளை என்றால் பெரும்பாலும் கைலான். பூக்கவில்லையா? சரி, இலைமேல் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் கைலான்.