எழுத்தில் திணறும் பிள்ளைக்குக் கதை புரியாதா?

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் திணற வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி மதுரை வட்டாரத்தினர் கேட்ட கேள்விகளுக்கு ஒரு சிறப்பாசிரியரின் பதில்கள்.

திருமங்கலம், ஒரு தாய்: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் ஒரு பத்தியைத் திக்கித் திணறி வாசிக்கிறான். என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். அறிவு குறைவா, டீச்சர்?

இல்லை அம்மா, அந்தப் பயத்தை விடுங்கள். அதே பத்தியை இன்றிரவு நீங்கள் வாசித்துக்காட்டிக் கேள்வி கேளுங்கள். பதில் சொல்லிவிட்டான் என்றால், கதை அவனுக்குப் புரிகிறது. எழுத்தை ஒலியாக்குவதிலேயே அவன் கவனமெல்லாம் தீர்ந்துபோகிறது. 'கொ' என்று சொல்ல ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 'க' கடலில் ஒரு விதமாகவும் தங்கத்தில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. வரியின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது.

மேலூர், ஓர் ஆசிரியை: வகுப்பில் முப்பது பேர். இந்த ஒரு பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். பாடத்தைத் திறக்கும் முன் கதையை வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' போன்ற நீண்ட சொற்களைப் பென்சில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பதிலை அவன் வாயால் சொன்னால் போதும்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது இன்னொன்று. அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி, அதையே அவனுக்கு வாசிக்கக் கொடுங்கள். பொருள் அவனுடையது என்பதால் எழுத்தோடு மட்டும் போராடினால் போதும்.

முன்கூட்டிச் சொல்லாமல் அவனை எழுப்பி, எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உசிலம்பட்டி, ஒரு தந்தை: தப்பான சொல்லைப் பத்து முறை எழுத வைக்கிறேன். சரியாகுமா?

ஆகாது ஐயா. புத்தகத்தின் மேல் வெறுப்புத்தான் வளரும். ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதட்டும், தினமும் பத்து நிமிடம். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம்.

மதுரை, ஒரு பாட்டி: பேரன் வளர வளரத் தானாகச் சரியாகிவிடாதா?

காத்திருக்காதீர்கள் பாட்டி. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு தலைமை ஆசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தருபவரும் கேட்டுப் பெறலாம்.

வீட்டுப்பாடத்துக்காக உங்கள் இரவுக் கதையை நிறுத்திவிடாதீர்கள். அவனால் இன்னும் வாசிக்க முடியாத சொற்களை அங்கேதான் கேட்டுப் பழகுகிறான்.