கல்லி கிரிக்கெட்ல வர்ற கல்லி வேற, இது வேற

நண்பா, உங்க மொழிபெயர்ப்புல "மழைக்குப் பிறகு கல்லி ஆழமானது"ங்கிற வரிய "சந்து ஆழமாச்சு"ன்னு போட்டு மாட்டிக்கிட்டீங்கல்ல, தப்பு உங்க மேல மட்டும் இல்ல, ரெண்டு சொல்லும் காதுக்கு ஒண்ணாத்தான் கேக்கும். தெருவுல ஆடுற கல்லி கிரிக்கெட் ஹிந்தி 'கலி', அதாவது சந்து. உங்க வரில இருக்கிறது இங்கிலீஷ் சொல்லு, 1500கள்லயே இருக்கு, தொண்டைக்கு லத்தீன்ல 'கூலா'ம்பாங்க, அது பிரெஞ்சு வழியா வந்து 'கல்லெட்' ஆகி அதுலேர்ந்து பிரிஞ்சதுன்னு சொல்றாங்க. தண்ணிய முழுங்குற தொண்டை மாதிரி மண்ணுல அறுத்த பள்ளம், மத்திய இந்தியாவுல சம்பல் ஆத்துப் பக்கம் இருக்கிற பள்ளங்களோட போட்டோ பாருங்க புரியும். கிரிக்கெட்ல பாயிண்ட், ஸ்லிப்ங்கிற ரெண்டு ஃபீல்டிங் இடத்துக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டரும் இந்த இங்கிலீஷ் கல்லிதான், சந்து இல்ல (இதுலதான் நானும் ரொம்ப நாள் ஏமாந்தேன்). பிரிட்டன்ல ரோட்டோர மழைநீர் வடிகாலுக்கும் இதே பேரு. உங்க வரிக்கு "மழைத்தண்ணி அரிச்ச பள்ளம்"னு போடுங்க, ஓடைன்னா எப்பவும் தண்ணி ஓடுற மாதிரி ஆயிடும்.