நேற்று போட்ட பொத்தான் இன்று ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசம் இருப்பது சிறு வயதிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில் சட்டைப் பொத்தானைத் தானே போடுவான், தம்ளர் நிறையத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவருவான். ஆனால் பரீட்சை நாள், கூட்டம், இரைச்சல் என்றால் கை கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. கதவில் இடித்துக்கொள்கிறான், படியில் தடுமாறுகிறான், கையில் இருப்பதைக் கீழே போடுகிறான். "நேற்று செய்தவனுக்கு இன்று வராதா? வேண்டுமென்றே செய்கிறான்" என்கிறார் கணவர். சில நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உண்மையில் என்னதான் நடக்கிறது?

பதில்: அவன் வேண்டுமென்றே செய்யவில்லை, அம்மா. நேற்று வந்தது இன்று வராமல் போவதை உங்கள் கணவர் நடிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் இயல்பு.

ஒரு பொத்தானை எடுத்துக்கொள்வோம். இடது கை துளையின் ஓரத்தைப் பிடிக்கிறது. வலது கட்டைவிரல் பொத்தானைச் சாய்த்துத் தள்ளுகிறது. பாதி நுழைந்ததும் இடது விரல்கள் அதை வாங்கி இழுக்க, அதே நொடியில் வலது கை விட்டுவிட வேண்டும். எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது என்பதெல்லாம் விரல் நுனியிலிருந்தும் தசை, மூட்டுகளிலிருந்தும் வரும் தகவலை வைத்து மூளை போடும் கணக்கு. உங்களுக்கும் எனக்கும் இது நினைக்காமலே நடந்துவிடும். உங்கள் மகனைப் போன்ற பலர் ஒவ்வொரு அடியையும் கவனித்துச் செய்கிறார்கள். அமைதியான வீட்டில் அந்தக் கவனம் முழுவதும் கையில் இருக்கும். பொத்தானும் ஒழுங்காக நுழையும்.

இப்போது அதே பையனைச் சுற்றி நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். மேலே விளக்கு மினுங்குகிறது, யாரோ போட்ட சென்ட் மூக்கில் ஏறுகிறது, காலர் கழுத்தை உரசுகிறது. நம் மூளை இதில் பாதியை ஒதுக்கித் தள்ளிவிடும். அவனுக்கோ எல்லாமே ஒரே சத்தத்தில் வந்து சேரும். விரலுக்குப் போக வேண்டிய கவனம் அங்கேயே செலவாகிவிடுகிறது. போதாததற்குப் பதற்றம் வேறு. அட்ரினலின் ஏறினால் இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், விரல் நடுங்கும். ஓடித் தப்பிக்க உதவுகிற உடல் நிலை அது. பொத்தான் போட உதவாது. யாராவது பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் எனக்கே சாவி பூட்டுக்குள் போகாது. அவனுக்கு அது பல மடங்கு.

அந்த நேரத்தில் நாம் "டேய், பார்த்து!" என்று கத்துகிறோம். ஏற்கெனவே வழிகிற பாத்திரத்தில் இன்னொரு சொம்பு. அப்போது அவன் பதில் சொல்லாமல் நின்றால் திமிர் என்று நினைக்காதீர்கள். பேச்சும் உதடு, நாக்கு, மூச்சு எல்லாம் சேர்ந்து நடத்தும் அசைவுதான், அதுவும் நின்றுபோகலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஆட்டிசத்தைத் தொடக்கத்தில் விவரித்த மருத்துவர்களான லியோ கானர் 1943-இலும், ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இலும் தாங்கள் பார்த்த சில குழந்தைகளின் உடல் தடுமாற்றத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அசைவுச் சிக்கல் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் அளவுகோல்களில் இல்லை. ஒலி, ஒளி, தொடுதல் மீதான வித்தியாசமான எதிர்வினைகூட அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அளவுகோலாகச் சேர்ந்தது 2013-இல்தான். அதனால் பல வீடுகளில் இதை யாரும் சொல்லித் தந்திருக்கவே மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? தடுமாறும்போது சொல்லித்தர முயலாதீர்கள், முதலில் சுமையைக் குறையுங்கள். சத்தமில்லாத மூலைக்குப் போகட்டும், ஒருவர் மட்டும் கூட இருங்கள், முடிந்தவரை பேசாதீர்கள். கையைப் பிடித்து இழுப்பது வேண்டாம். இரண்டு உள்ளங்கையாலும் சுவரை அழுத்தித் தள்ளுவது சிலருக்கு உடலை மீட்டுத் தரும், சிலருக்கு இறுக்கமான அணைப்பு. எது பிடிக்கும் என்று அமைதியான நாளில் அவனிடமே கேட்டுவையுங்கள். நெருக்கடியான நாட்களில் பொத்தானில்லாத சட்டை, தம்ளருக்குப் பதில் மூடி போட்ட பாட்டில், காதுக்கு ஹெட்போன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சாலையைக் கடப்பதையும் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குவதையும் மட்டும் அந்த நேரத்தில் அவனிடம் விடாதீர்கள். இந்தத் தடுமாற்றம் அடங்க அரை மணியும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பசியும் தூக்கக் குறைவும் இதைக் கூட்டும். பசிப்பதே சிலருக்குத் தெரியாது என்பதால் நேரம் பார்த்து நீங்களே கொடுங்கள்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போனால், எந்த இடத்தில், என்ன சத்தத்தில், எது வராமல் போனது என்று எழுதி எடுத்துப்போங்கள். அவர்களுடைய அமைதியான அறையில் எல்லாம் அழகாகச் செய்துகாட்டிவிட்டு வந்துவிடுவான்!

மருத்துவரிடம் உடனே போக வேண்டிய சில நிலைமைகள் உண்டு. திடீரென்று விழுவது, சில நொடி வெறித்துப் பார்ப்பது, ஒரு பக்கம் மட்டும் பலம் குறைவது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். அதேபோல, அமைதியான வீட்டிலும் வாரக்கணக்கில் அசைவு மந்தமாகி, வாசலைத் தாண்டவோ ஸ்பூனை வாய்வரை கொண்டுபோகவோ முடியாமல் பாதியில் உறைந்து நின்றால், அது இந்தச் சுமைக் கணக்கில் வராது. கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், உங்கள் கணவர். அவருக்குத் தடித்த கையுறை மாட்டி, ரேடியோவை உச்சத்தில் வைத்து, கண்ணில் டார்ச் அடித்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லுங்கள். எத்தனையாவது பொத்தானில் "கொஞ்ச நேரம் சும்மா இரேன்!" என்று கத்துகிறார் என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.